கேட்டுக்கொண்டபடி இயற்றியது

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகங்களின் முகப்புப் பக்கத்தை வாசிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. நூலின் பெயர், ஆசிரியரின் பெயர், அவருடைய பட்டங்கள், அச்சுக்கூடம், வருஷம். இதற்கெல்லாம் நடுவில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: இன்ன ஊர் இன்னார் கேட்டுக்கொண்டபடி இயற்றியது. அல்லது, இன்னாருடைய பொருளுதவியால் பதிப்பிக்கப்பட்டது. வெட்கம் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. பணம் யாருடையது என்பது புத்தகத்தைத் திறந்தவுடனே தெரிந்துவிடும்.

இன்றைக்கு ஒரு கட்டுரையையோ வாழ்க்கை வரலாற்றையோ புத்தக மதிப்புரையையோ வாசிக்கும்போது இந்த ஒரு வரி நமக்குக் கிடைப்பதில்லை. காசுக்கு எழுதுகிறவனின் எல்லை எது என்று நம் தலைமுறையில் பேச்சு வரும்போதெல்லாம் நாம் பணத்தைப் பற்றியே பேசுகிறோம். வாங்கலாமா கூடாதா, யாரிடம் வாங்கலாம், எவ்வளவு வாங்கினால் விலைபோனதாக அர்த்தம், இப்படி. எனக்கென்னவோ கேள்வி அந்த இடத்தில் இல்லை என்று தோன்றுகிறது. உ.வே. சாமிநாதையர் எழுதிய இரண்டு புத்தகங்களை, தன் ஆசிரியரைப் பற்றிய 'ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திர'த்தையும் 'என் சரித்திர'த்தையும், இந்தக் கேள்வியோடு மறுபடி வாசித்தபோது அது இன்னும் உறுதிப்பட்டது.

முதலில் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. நான் திருக்காட்டுப்பள்ளிக்காரன். ஊரிலிருந்து கிழக்கே பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் திருவையாறு. அங்கே தியாகராஜரைப் பற்றிச் சொல்லப்படும் கதை எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர் அரண்மனை அழைத்தது, பொன் அனுப்பியது, அவர் மறுத்தார். மனிதனைப் பாடுவது நரஸ்துதி, அது ஆகாது. உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். அண்ணன் ஜப்யேசன் கோபத்தில் ராம விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்தான். ஹரிகதைகளில் இந்த அண்ணன்தான் வில்லன். சின்ன வயதில் நானும் அவனைத் திட்டியிருக்கிறேன். இப்போது, மாதச் சம்பளம் வாங்கி வீட்டுக்கடன் கட்டுகிற வயதில், அந்த ஆளின் பக்கமும் கொஞ்சம் கேட்கத் தோன்றுகிறது. அந்த வீட்டில் அரிசிக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்?

அதே தஞ்சாவூரில், அதே காலத்தில், இன்னொருவரும் இருந்தார். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர். இரண்டாம் சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து 'சரபேந்திர பூபால குறவஞ்சி' எழுதினார். அது பெரிய கோயிலில் ஆடவும் பட்டது. தியாகராஜரை வணங்குகிறோம், தேசிகரை மறந்துவிட்டோம். கலைத்தரம் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுத்தவர் உத்தமர், வாங்கியவர் விலைபோனவர் என்று நம் மனசில் ஓடுகிற கணக்கு இருக்கிறதே, அது சரியா? குறவஞ்சியைப் பார்த்த ஒருவராவது ஏமாந்திருப்பாரா? ராஜாவைக் கண்டு காதலில் விழுகிறாள் நாயகி. ராஜாவின் செலவில், ராஜாவின் ஊரில், ராஜாவின் பெயரையே தலைப்பில் வைத்துக்கொண்டு. இது புகழ்ச்சி என்று பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். பொய் சொல்லப்பட்டவர் அங்கே யாருமே இல்லை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வருகிறேன். 1815-இல் பிறந்து 1876-இல் மறைந்தவர். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள், வரிசையாகப் பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கோவைகள், கலம்பகங்கள். திருநாகைக்காரோணம், கும்பகோணம், மாயூரம், திருப்பெருந்துறை என்று டெல்டாவையும் அதைத் தாண்டியும் ஊர் ஊராகப் பாடியிருக்கிறார். இன்றைய பாஷையில் சொன்னால் அவர் ஒரு ஃப்ரீலான்ஸர். வேலை வரும் விதமும் அப்படித்தான். ஓர் ஊரின் பெரிய மனிதரோ, கோயில் நிர்வாகம் பார்க்கும் தம்பிரானோ, அரசு உத்தியோகஸ்தரோ, 'எங்கள் ஊருக்கு ஒரு புராணம் வேண்டும்' என்பார்கள். வடமொழி மாகாத்மியம் இருந்தால் அதைத் தமிழ் வசனமாக்கிக் கையில் கொடுப்பார்கள். பிள்ளை செய்யுளாகச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவார். பிறகு அரங்கேற்றம். ஊர் கூடிய சபையில் நாள்கணக்கில் வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். முடிவில் சால்வை, சம்மானம்.

உ.வே.சா. இதை மூடி மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளைக்குக் கடன் இருந்தது, திருப்பெருந்துறைப் புராணத்தை ஏற்றுக்கொண்டு அவ்வளவு தூரம் போனதற்கு அந்தக் கடனும் காரணம் என்பதை அவருடைய எழுத்திலிருந்தே தெரிந்துகொள்கிறோம். குருபக்தியில் உ.வே.சா.வுக்கு மேல் ஒருவரைச் சொல்ல முடியாது. ஆசிரியரின் பெயரைச் சொல்லவே தயங்கி 'பிள்ளையவர்கள்' என்று எழுதியவர். ஆனால் கடனை எழுதினார். 1933, 1934-இல் இரண்டு பாகமாக அந்தச் சரித்திரம் வந்தபோது பிள்ளை இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் பிள்ளை விலைபோனவரா? அந்தச் சொல்லே இங்கே பொருந்தவில்லை. ஏன் என்று யோசித்தால் பதில் நன்னூலில் கிடக்கிறது. பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பவணந்தி வரையறுக்கிறார். ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், யாருக்காக, என்ன பயன். இதோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவர்கள் உண்டு என்கிறார். காலம் எழுதிய காலம். களம் அரங்கேறிய சபை. காரணம்? ஏன் எழுதப்பட்டது, யார் கேட்டு எழுதப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் வரும். நன்னூலின் சிறப்புப்பாயிரமே சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டதால் இது செய்யப்பட்டது என்று சொல்லிவிடுகிறது. நமக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த புத்தகமே ஒரு கமிஷன் வேலை. அதைச் சொல்லவும் செய்கிறது. கம்பன் ஒரு படி மேலே போய், ராமன் பட்டாபிஷேகத்திலேயே சடையப்ப வள்ளலின் முன்னோரைக் கொண்டுவந்து கிரீடத்தை எடுத்துக்கொடுக்க வைத்துவிட்டான். சினிமாவில் ஹீரோ குறிப்பிட்ட கம்பெனி பனியனோடு நிற்கிற மாதிரி. ஆனால் அந்தச் சடையன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பாயிரம் நம் கையை விட்டு எப்போது போனது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. பத்திரிகை வந்தது, நாவல் வந்தது, எழுத்தாளன் சுதந்திரமானவன் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் நல்லது. ஆனால் அதன் கூடவே கூலியைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைச்சல் என்பதும் வந்துவிட்டது. கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் பழனியப்பா பிரதர்ஸுக்காக 'நாட்டுக்கு உழைத்த நல்லவர்' வரிசையில் சின்னச் சின்ன வாழ்க்கை வரலாறுகளை எழுதிக்கொண்டே இருந்தார். பட்டு, ஜரிகை வியாபாரத்தோடு வாழ்ந்த மனிதர். 'காதுகள்' எழுதிய கை, 1993-இல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய கை. இந்த வரலாறுகளை நம்மவர்கள் சொல்லும்போது ஒரு 'பாவம்' சேர்த்துத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த 'பாவம்' பிடிப்பதில்லை. மேலே அவர் பெயர் இருந்தது, கீழே பதிப்பகத்தின் பெயர் இருந்தது, பள்ளிப் பிள்ளைகள் வாசித்தார்கள். இதில் அவமானம் எங்கே வந்தது? அந்த நேரத்தில் எழுதப்படாமல் போன கதைகள் எத்தனை என்று வேண்டுமானால் வருத்தப்படலாம்.

அந்த வருத்தம் நியாயமானது, பிள்ளை விஷயத்திலும். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் உ.வே.சா. சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை, இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். நம் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனை என்று இதைக் கொண்டாடுகிறோம், சரிதான். 1887-இல் சிந்தாமணி அச்சேறியதற்கு விதை அங்கேதான் விழுந்தது. ஆனால் அந்தக் காட்சியில் இன்னொன்றும் நடக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன ஒரு மகாகலைஞனின் வாழ்நாள் உழைப்பை ஒரு முன்சீப் ஒரே கேள்வியில் தள்ளிவைக்கிறார். பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் அதே நாட்டுப் படலம், அதே நகரப் படலம், அதே தீர்த்த விசேஷம் என்று பாடிப் பாடி, அவருடைய அபாரமான சொல்வளம் இன்று யாரும் புரட்டாத பக்கங்களில் கிடக்கிறது. கேட்டதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்கத் தெரியாத ஒன்று உள்ளேயே நின்றுவிடும். இது நஷ்டம், குற்றமில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் நாம் எம்.வி.வி.க்குப் பரிதாபப்படுகிறோம், நிஜமாகவே ஏமாற்றுகிறவனை விட்டுவிடுகிறோம்.

நிஜமான ஏமாற்று எது என்பதை நான் இலக்கியத்தில் கற்றுக்கொள்ளவில்லை, இன்ஜினியரிங்கில் கற்றேன். கடைசி வருஷம் ப்ராஜெக்ட் என்று ஒன்று உண்டு. அதற்காகவே ப்ராஜெக்ட் சென்டர்கள் உண்டு. பணம் கட்டினால் கோடும் தருவார்கள், பைண்டு செய்த ரிப்போர்ட்டும் தருவார்கள், வைவாவில் என்ன கேட்பார்கள் என்று சொல்லியும் கொடுப்பார்கள். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் 'இது இந்த மாணவர்கள் தாங்களே செய்தது' என்ற சான்றிதழ் இருக்கும். அந்த ரிப்போர்ட்டை எழுதித்தரும் ஆளும் ஒரு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்தான். முனைவர் பட்ட ஆய்வேடு எழுதித்தருபவரும் அப்படித்தான். இப்போது நான் வேலையில் எழுதும் நிரல் எதிலும் என் பெயர் வெளியே தெரியாது, கம்பெனி பெயரில்தான் போகிறது. அதில் யாருக்கும் வஞ்சனை இல்லை. மந்திரியின் மேடைப் பேச்சை வேறொருவர் எழுதுகிறார், அதுவும் ஊரறிந்த விஷயம். ஆய்வேடு அப்படியில்லை. அது 'நானே தேடினேன், நானே கண்டேன்' என்று படிப்பவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது.

ஒவ்வொரு எழுத்து வடிவமும் இப்படி ஒரு வாக்கைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. குறவஞ்சி, 'நான் புகழப்போகிறேன்' என்கிறது. புராணம், 'இந்தத் தலத்தின் பெருமையைச் சொல்லப்போகிறேன்' என்கிறது. மதிப்புரை, 'படித்தேன், எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்' என்கிறது. செய்தி, 'நடந்தது இது' என்கிறது. காசு வாங்குவது இந்த வாக்கை மீறவைக்கிறதா என்பதுதான் எல்லை. 2009 தேர்தல்களில் வேட்பாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு செய்தியாகவே அச்சிட்ட பத்திரிகைகளைப் பற்றி இந்தியப் பிரஸ் கவுன்சில் ஒரு துணைக்குழு போட்டது. பரஞ்சோய் குஹா தாக்குர்த்தாவும் கே. சீனிவாச ரெட்டியும் பெயர் சொல்லி அறிக்கை எழுதினார்கள். 2010-இல் கவுன்சில் அந்த முழு அறிக்கையை வெளியிடாமல் சுருக்கத்தை மட்டும் விட்டது, முழுசும் வெளியே வர மறு வருஷம் ஆனது. அந்த வேட்பாளர்கள் அதே பக்கத்தில் விளம்பரம் என்று போட்டு அதே வாசகங்களைப் போட்டிருக்கலாமே, ஏன் போடவில்லை? விளம்பரத்தை நம்பமாட்டார்கள், செய்தியை நம்புவார்கள். அவர்கள் வாங்கியது எழுத்தை இல்லை, 'செய்தி' என்ற வடிவத்தின் மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையை. 2021-இல் விளம்பரத் தர நிர்ணய அமைப்பு, சமூக ஊடகப் பிரபலங்கள் காசு வாங்கிப் போடும் பதிவுகளில் அதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பவணந்தி சொன்ன காரணம்தான், வேறு வேஷத்தில்.

அதனால் பாயிரம் போட்டுவிட்டால் போதுமா என்றால், போதாது. பிள்ளையின் புராணங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுப் படலம் என்றால் வயல், வாய்க்கால், உழவர் ஆரவாரம், நடவுப் பெண்களின் பாட்டு, நெல் மலைமலையாகக் குவியும். படிக்கும்போது காதுக்கு இனிமை. அந்த வயலில் இறங்கி நின்றவர்கள் இந்த டெல்டாவில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அதில் இருக்காது. புராணம் அதைச் சொல்வதாக வாக்கே கொடுக்கவில்லை, அதனால் அது பொய்யாகவில்லை. ஆனால் 'வரலாறு' என்று பெயர் வைத்துக்கொண்டு அதே நாட்டுப் படலத்தை எழுதினால்?

இது கற்பனைக் கேள்வியில்லை. எங்கள் ஊர்த் தம்பி ஒருவன், தமிழ் எம்.ஏ., கன்டென்ட் எழுதிப் பிழைக்கிறான். ஹோட்டல் இணையதளம், ஆஸ்பத்திரி துண்டுப் பிரசுரம், யூடியூப் சேனலுக்கு வசனம். மெஷினே எழுத ஆரம்பித்த பிறகு சொல்லுக்கு இவ்வளவு என்றிருந்த ரேட் பாதியாகிவிட்டது. அந்த நேரத்தில் கீழத்தஞ்சைப் பக்கத்துப் பழைய மிராசு குடும்பம் ஒன்றிலிருந்து வேலை வந்தது. பெரியவருக்கு சதாபிஷேகம், அதற்குள் குடும்ப வரலாறு புத்தகமாக வர வேண்டும். எண்பதாயிரம் ரூபாய், பாதி முன்பணம். அட்டையில் இவன் பெயர். பெரியவரிடம் நாலைந்து நாள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தான். எழுதிய முதல் வரைவில் பண்ணையாட்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. 1952-இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததை ஒட்டி அந்த வீட்டில் என்ன நடந்தது, யார் யாரைக் கொல்லையை விட்டுக் கிளப்பினார்கள், எந்தத் தெரு எப்படிக் காலியானது. மகன்கள் படித்துவிட்டு அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். "சந்தோஷமான விசேஷம் தம்பி, இப்ப எதுக்கு இது?"

"எழுதிக் கொடுத்துடவாண்ணே?" என்று போன் பண்ணினான். நான் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் பேசினேன். அவர்கள் வீட்டுப் புத்தகம், அவர்கள் காசு. ஒருத்தர் தன் வீட்டு விசேஷத்தில் எதைப் பேசுவது என்று தீர்மானிக்க அவருக்கு உரிமை இல்லையா? கல்யாண வாழ்த்து மடலில் யாரும் பங்காளிச் சண்டையை எழுதுவதில்லை. அப்போதுதான் அவனிடம் கேட்டேன், புத்தகத்துக்கு என்ன தலைப்பு வைக்கச் சொல்கிறார்கள் என்று. '... குடும்ப வரலாறு', என்றான். 'சதாபிஷேக மலர்' என்று போட்டுக்கொள்ளச் சொல், அவர்கள் சொல்கிறபடியே எழுதிக் கொடு, முதல் பக்கத்தில் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி என்று ஒரு வரி போடு, கையெழுத்துப் போட்டு மீதிக் காசை வாங்கு என்றேன். 'வரலாறு' என்று போட்டால் அந்த அத்தியாயம் இருந்தே ஆக வேண்டும்.

கேட்டுக்கொண்டபடி என்ற வரிக்கு அவர்கள் உடனே சம்மதித்தார்கள். பெருமையாகக்கூட இருந்ததாம். மலர் என்பதற்கு மட்டும் ஒப்பவில்லை. மலர் என்றால் விசேஷத்துக்கு வந்தவர்கள் காரிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், வரலாறு என்றால் நூலகத்துக்குக் கொடுக்கலாம், நாளைக்கு யாராவது ஆராய்ச்சி பண்ணினால் எடுத்துப் பார்ப்பார்கள் என்று மூத்த மகன் விளக்கினாராம். இதைவிடத் தெளிவாக அவர் சொல்லியிருக்க முடியாது. நல்ல நடைக்கு இன்று காசு கொடுக்க வேண்டியதே இல்லை, மெஷின் சும்மாவே தரும். அவருக்கு வேண்டியது, எம்.ஏ. படித்த ஒரு மூன்றாம் மனிதன் விசாரித்து எழுதினான் என்ற நம்பகம். அதாவது, நாளைக்கு வந்து அந்தத் தெரு எப்படிக் காலியானது என்று தேடப்போகிற பேரனையோ பேத்தியையோ இந்தப் புத்தகம் வழிமறிக்க வேண்டும். அந்தப் பேரன் பெரும்பாலும் அந்தத் தெருக்காரனின் பேரனாகத்தான் இருப்பான். எண்பதாயிரம் அதற்கான விலை.

உ.வே.சா.வின் சரித்திரத்தை மறுபடியும் நினைத்துக்கொள்கிறேன். அவரும் 'சரித்திரம்' என்றுதான் பெயர் வைத்தார். எழுதியவர் சிஷ்யர், எழுதப்பட்டவர் தெய்வத்துக்குச் சமமான குரு. அதற்குப் புராணம் பாட எல்லா நியாயமும் இருந்தது, பாடவும் தெரியும். பாடவில்லை. பெயருக்கு ஏற்றபடி கடனையும் எழுதினார்.

தம்பியின் விஷயம் இன்னும் முடியவில்லை. முன்பணத்தைத் தனியாக வைத்திருக்கிறான். வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி என்பதும் எனக்குத் தெரியும், அதனால் அவனிடம் வீரம் பேச எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் பேசியபோது வேறொன்று சொன்னான். அந்த அத்தியாயத்தில் இருந்த பெயர்கள் எதையும் அவன் வெளியில் போய் விசாரிக்கவில்லையாம். எல்லாம் பெரியவரே சொன்னது. மழைக்காலத்தில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவரின் பெயர், அவர் பெண்சாதி பெயர், குழந்தைகள் பெயர், எந்த வருஷம் போனார்கள், எந்தப் பக்கம் போனார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "எழுதிக்கிட்டியா?" என்று கேட்டாராம். மகன்கள் அப்போது அறையில் இல்லை.